கட்டி வைத்த மடி

2019ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்ரொயிட் நகருக்கு வெளியே, என் சாச்சியின் மகனுடைய வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். ஒரு நாள் அஸர் தொழுத கையோடு அவன் என்னைப் பின்வளவில் இருந்த கராஜுக்கு அழைத்துப் போனான். உள்ளே கறுப்புக் கோடிட்ட நீல நிறக் கார் ஒன்று, மணப்பெண்ணைப் போல் துணியால் மூடப்பட்டு நின்றது. துணியை விலக்கியவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காக்கா, நீங்க எழுதுற ஆள்தானே. இதுக்கு நாலு வரி நல்லா எழுதித் தாங்க. நான் எழுதினா சாமான் லிஸ்ட் மாதிரிப் போகுது."

விற்பனை விளம்பரம். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன், அதற்கு மேலாகக் கதையும் கட்டுரையும் எழுதி வருபவன். நாலு வரி எழுதுவது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் இத்தனை பேரின் கையை நோகச் செய்த நாலு வரிகளை நான் வேறெப்போதும் எழுதியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வரிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

*

நம்மவர்களில் பலருக்கு இவ்வகைக் கார்கள் பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும்.

அமெரிக்கர்கள் 'மஸ்ல் கார்' என்று அழைக்கும் இந்த வண்டிகளின் சூத்திரம் எளிது. குடும்பத்துக்கான நடுத்தர அளவுக் கார் ஒன்றுக்குள், பெரிய காருக்கென்று செய்த பெரிய என்ஜினைத் திணிப்பது. 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜீ.டீ.ஓ.வை இதன் தொடக்கமாகப் பலரும் கொள்வர். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் போடக்கூடாது என்பது அப்போது ஜெனரல் மோட்டர்ஸின் கட்டளை. பொன்டியாக்கின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் அவரது கூட்டாளிகளும் 389 கன அங்குல என்ஜினை ஒரு தனி மாதிரியாக அறிவிக்காமல், லெமான்ஸ் காருக்கான மேலதிகத் தெரிவு என்று பட்டியலில் சேர்த்துக் கட்டளையைச் சுற்றிப் போனார்கள். பெயரைக்கூட இத்தாலியின் பெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. போட்டிக் கொம்பனிகளும் அதே வழியில் இறங்கின. 1970இல் செவர்லே ஷெவெல் காரில் 454 கன அங்குலமும் 450 குதிரைவலுவும் கொண்ட என்ஜினை வாங்கலாம் என்ற நிலை வந்தது. பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970இன் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய்த் தடை வந்தது. பத்தாண்டுக்குள் அந்தக் காலம் முடிந்துபோயிற்று.

அன்று அந்தக் கார்களை ஓட்டியவர்கள் இன்று முதியவர்கள். இழந்த வாலிபத்தை யாரும் விற்பதில்லை. அந்தக் கார்களை விற்கிறார்கள். டிட்ரொயிட்டின் வூட்வார்ட் வீதியில் 1995 தொடக்கம் ஒகஸ்ட் மாதங்களில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. என்னையும் அவன் கூட்டிப் போயிருந்தான். நம்மூர்க் கந்தூரியில்கூட நான் அவ்வளவு சனத்தைக் கண்டதில்லை.

தம்பியின் கார் 1970ஆம் ஆண்டு ஷெவெல் மாலிபு. பண்ணை ஒன்றின் கொட்டிலில், கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்ததை இரண்டாயிரத்துச் சொச்சம் டொலருக்கு வாங்கியிருந்தான். தரைத்தகடு முழுவதும் துரு. பின்பக்கத் தகடுகளில் கை நுழையும் ஓட்டைகள். என்ஜின் இருந்த இடத்தில் எலிக்கூடு. பகலெல்லாம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, இரண்டு பனிக்காலம் இரவிரவாக அதைக் கட்டி எழுப்பினான். எங்கள் ஊரில் அவனுடைய வாப்பா வைத்திருந்த கராஜில் பழகிய கை அது. அங்கே புதுச் சாமான் வாங்குவது என்ற பேச்சே இல்லை. இருக்கிற இரும்பைத்தான் தட்டி, வளைத்து, ஒட்டி ஓட வைக்க வேண்டும். பின்பக்கத் தகடுகளை அவனே வெட்டி வளைத்து வெல்டிங் பண்ணியிருந்தான். மூட்டு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. உடைந்துபோன 1969ஆம் ஆண்டுக் கார் ஒன்றிலிருந்து 396 கன அங்குல என்ஜினைக் கழற்றி வந்து இதில் பூட்டியிருந்தான். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், புதிய ஐந்து வேகக் கியர்பெட்டி, மூன்று புள்ளி இருக்கைப் பட்டி. கடைசியாக, கட்டலொக்கில் வாங்கிய மேடிட்ட பொனட், இரட்டைக் கோடு, முன்வலையில் 'எஸ்.எஸ்.' என்ற இரண்டு எழுத்து.

அந்த இரண்டு எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எஸ்.எஸ். என்பது தொழிற்சாலையிலேயே வலுக்கூட்டிய வகை. தம்பியின் மாலிபு அந்த வகையாகப் பிறந்ததல்ல. அவன் அதை அவ்வாறு ஆக்கினான். இப்படி ஆக்கியதை அங்கே 'குளோன்' என்கிறார்கள். நாம் பிரதி என்று சொல்லலாம். நமது சிற்றிதழ்களில் மூலம், பிரதி என்ற சொற்கள் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவர். அவற்றுக்கு விலை உண்டு என்பதை நான் அங்கேதான் கண்டேன். பிரதி என்றால் அவனுடைய கார் 38,500 டொலர் போகும். மூலம் என்றால் 55,000.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1970ஆம் ஆண்டு ஷெவெலின் வாகன அடையாள இலக்கத்தைப் பார்த்து அது எஸ்.எஸ்.தானா என்று சொல்ல முடியாது. எட்டுச் சிலிண்டர் மாலிபு கூபேயும் எஸ்.எஸ். கூபேயும் ஒரே விதமாக 13637 என்றுதான் தொடங்கும். அந்த வருடம் எஸ்.எஸ். தனி மாதிரியாக இல்லாமல் மேலதிகத் தெரிவாகவே விற்கப்பட்டது. நிச்சயமான ஆதாரம் வேண்டுமென்றால், தொழிற்சாலைத் தொழிலாளிகள் பெற்றோல் தாங்கியின் மேல் செருகிவிட்டுப் போன ஒரு தாள் கிடைக்க வேண்டும். ஐம்பது வருடத் துருவும் ஈரமும் எலியும் அந்தத் தாளை விட்டுவைப்பது அபூர்வம். தம்பியின் காரில் அது இல்லை. அதாவது, பொய்யைப் பொய்யென்று காட்டவும் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

*

"எஸ்.எஸ். எண்டு எழுதட்டா?" என்று கேட்டேன்.

"எஸ்.எஸ். எண்டு எழுதாதீங்க காக்கா. எஸ்.எஸ். இல்ல எண்டும் எழுதாதீங்க."

அப்படியே எழுதினேன். ஷெவெல், 1970. எஸ்.எஸ். சின்னங்கள், கோடுகள், பொனட். 396 என்ஜின். இரண்டு பனிக்காலம் அன்போடு புனரமைக்கப்பட்டது. பொழுதுபடும் நேரத்தில் அந்த நீல நிறம் எப்படி மாறும் என்பதைப் பற்றியும் ஒரு வசனம் சேர்த்தேன். அந்த வசனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் செப்டம்பரில் கட்ட வேண்டும். வங்கியில் கடன் கிடைக்கும். வட்டிக்கு எடுக்க அவன் விரும்பவில்லை. ஒரு தவறிலிருந்து தப்புவதற்காகத்தான் அந்த விளம்பரத்தை அப்படி எழுதச் சொன்னான் என்பதை அப்போதே நான் விளங்கியிருந்தேன். விளங்கியிருந்ததால்தான் மறுபேச்சில்லாமல் எழுதினேன்.

நாலாம் நாள் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற மனிதர். மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். விளம்பரத்தை அச்சிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து விரித்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். அந்த நீல நிற வசனத்தைத் தன் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு காரைச் சுற்றி வந்தார். இடப்பக்கப் பின்தகட்டை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். இந்தக் காலத்தில் இப்படிச் செய்ய யாரும் இல்லை, அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குத் தங்கள் வேலையில் ஒரு மதிப்பு இருந்தது என்றார். எஸ்.எஸ்.தானா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாதபடி நான் எழுதியிருந்தேன். முற்பணமாக 2,000 டொலர் கொடுத்து, சனிக்கிழமை மீதியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

*

அன்றிரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. கராஜில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தோம். நான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தபோது அவன் கோபப்படவில்லை, வழக்காடினான். அவனுடைய வழக்கு பலவீனமானதல்ல.

"1970இல கொம்பனிக்காரன் என்ஜினை 402 ஆக்கிப்போட்டு, பழைய 396 எண்ட சின்னத்தையே ஒட்டி வித்தான் காக்கா. என்ட கார்ல மெய்யாவே 396 இரிக்கி. அவன் ஒட்டினா மூலம், நான் ஒட்டினா பொய்யா? அவன் போட்ட பிரேக்கை விட நான் போட்டது நல்லம். அவன் அடிச்ச பெயின்டை விட என்ட பெயின்ட் நல்லம். இதுல எது குறை, சொல்லுங்க பாப்பம்?"

அவன் சொன்ன செய்தி உண்மைதான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. படித்த பாடங்கள் மட்டும் நினைவில் வந்தன.

கிரேக்க வரலாற்றாசிரியர் புளுட்டார்க் தீசியஸின் கப்பலைப் பற்றிச் சொல்கிறார். ஏதென்ஸ் மக்கள் அந்தக் கப்பலைப் பாதுகாத்தார்கள். உக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தார்கள். எல்லாப் பலகைகளும் மாறிய பின் அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதாடினார்கள். 1655இல் தோமஸ் ஹொப்ஸ் அந்தக் கேள்வியை இன்னும் முறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹொப்ஸின் கேள்வி அமெரிக்கக் கராஜ்களில் கற்பனைக் கேள்வியாக இல்லை. மஸ்டாங், கமாரோ போன்ற பழைய கார்களின் முழு உடற்கூட்டையும் இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள். துருப்பிடித்த காரின் இலக்கத் தகட்டை மட்டும் கழற்றிப் புதுக் கூட்டில் வைத்துவிட்டு, பழைய கார் புனர்ஜென்மம் எடுத்துவிட்டது என்பவர்களும் உண்டு. என்ஜினில் பொறித்திருக்கும் இலக்கம் காரின் இலக்கத்தோடு பொருந்தினால் விலை ஏறும் என்பதற்காக, பழைய பொறிப்பைச் சீவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறிப்பவர்களும் உண்டு.

ஆகவே அடையாளம் இலக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பவும் முடியாது. அப்படி நம்பிய சட்டம் ஒன்று எங்கே போய் முடிந்தது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. கன்சாஸ் மாநிலத்தவர் ஒருவர் 1959ஆம் ஆண்டுக் கொர்வெட் கார் ஒன்றை வேறு மாநிலத்தில் முறைப்படி வாங்கி வந்தார். 2017இல் அதைப் பதிவு செய்யப் போனபோது பொலிஸார் பறிமுதல் செய்தார்கள். புனரமைப்பின்போது யாரோ இலக்கத் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்தியிருந்ததுதான் காரணம். வாங்கியவர் குற்றமற்றவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் தகடு கழற்றப்பட்ட காரை அழிக்க வேண்டும் என்றது அப்போதைய சட்டம். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, 2022இல் மாநிலச் சட்டமே திருத்தப்பட்ட பிறகுதான் அவருக்கு விடிவு வந்தது. இரும்பை நம்பினால் இரும்பு மாறிவிடுகிறது. இலக்கத்தை நம்பினால் ஓரிடத்தில் அது பொய் சொல்கிறது, இன்னோரிடத்தில் நிரபராதியைத் தண்டிக்கிறது.

மாற்றம் என்பதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. பழைய என்ஜின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம்தான் அவற்றின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் அந்தப் பெற்றோல் அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கு 1996இல் தடை செய்யப்பட்டது. 2021இல் அல்ஜீரியாவும் கைவிட்டதோடு உலகில் எங்கும் கார்களுக்கு விற்கப்படுவதில்லை. தம்பி கடினமாக்கிய புது வால்வு இருக்கைகளைப் போட்டிருந்தான். மூலத்துக்கு விசுவாசம் என்ற பேரில் டிரம் பிரேக்கையும் பட்டியில்லாத இருக்கையையும் வைத்திருப்பது அறம் ஆகாது. மாற்றத்தில் அவன் தவறேதும் செய்யவில்லை. அந்த வகையில் அவனுடைய வழக்கு முழுவதும் சரி.

பிறகு எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

*

நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட சம்பவம் நமது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த இரவில் என் நினைவுக்கு வந்தது அதுவல்ல. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு தடை. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கப் போகிறவன், இரண்டு மூன்று நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பான். சந்தையில் மடி பெருத்து நிற்கும். வாங்குபவன் இது நிறையக் கறக்கும் என்று எண்ணுவான். அப்படிச் செய்வது தடுக்கப்பட்டது. வாங்கியவன் கறந்து பார்த்து ஏமாற்றத்தை உணர்ந்தால் திருப்பிக் கொடுக்கலாம், குடித்த பாலுக்குப் பதிலாக ஓரளவு பேரீச்சம்பழத்தோடு.

இந்தச் சட்டத்தை நான் மத்ரசாவில் படித்தபோது, இடையர்களின் சின்ன விடயம் என்று கடந்துபோனேன். அந்தக் கராஜில்தான் அதன் நுட்பம் உறைத்தது. ஈரத் தானியத்தில் குறை மறைந்திருக்கிறது. கட்டிய மடியில் மறைந்திருப்பது எதுவுமில்லை. மடி மெய்யான மடி. உள்ளே இருப்பது மெய்யான பால். விற்பவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாங்குபவன் தன் கண்ணால் கண்டதிலிருந்து தானே ஒரு முடிவுக்கு வருகிறான். ஆனாலும் அந்த முடிவை அவன் மனதில் விதைத்த கை இன்னொருவனுடையது. அதனால்தான் அது ஏமாற்று.

என் விளம்பரம் கட்டிய மடி. ஒவ்வொரு சொல்லும் மெய்யான பால்.

விலைக் கணக்கிலும் இது தெளிவாகிறது. இரும்பு, பெயின்ட், பிரேக், என்ஜின், இரண்டு பனிக்கால உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 38,500. அதற்கு மேலே அந்த மனிதர் கொடுக்கவிருந்த 16,500 டொலர் எதற்கு? 1970இல் ஒரு நாள், தொழிற்சாலை வரிசையில், இந்தக் கார் இப்படியே பிறந்தது என்ற ஒரு செய்திக்கு. அந்தப் பணத்துக்கு அவர் வாங்கியது அந்தச் செய்தியை மட்டுமே. அது பொய்யானால் 16,500 டொலருக்கு அவர் கையில் ஒரு ஆணிகூட இல்லை. கொம்பனிக்காரன் 402ஐ 396 என்று விற்றதும் சரியில்லைத்தான். ஆயினும் அவன் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தான். நாங்கள் சொல்லாமல் சொன்னது எங்களிடம் இருக்கவே இல்லை.

இதையெல்லாம் நான் அவனிடம் சொன்னேனா? பாதியைத்தான் சொன்னேன். மகளின் கட்டணம் அவனுடையது, தூக்கம் மட்டும் என்னுடையது என்ற வெட்கம் என் வாயை அடைத்தது. இன்னொருவன் செலவில் நேர்மையாக இருப்பது சுலபம். அவனும் பேச்சை நிறுத்திவிட்டுக் கோப்பைகளைக் கழுவ எழுந்து போனான்.

சுபஹுக்குப் பிறகு அவனே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"காக்கா, அந்த மனுஷன் தடவினது என்ட வெல்டிங்க."

நான் பேசாமல் இருந்தேன்.

"ரெண்டு விண்டர் கை விறைக்க விறைக்கச் செஞ்சது. அவர் அதத் தடவிப்போட்டு அந்தக் காலத்து ஆக்களைப் புகழுறார். எஸ்.எஸ். எண்டு வித்தா நான் செஞ்சது ஒண்டும் இல்லையெண்டு ஆயிரும். அந்தக் கார்ல நான் இல்லாமப் போயிருவன்."

என் புளுட்டார்க்கும் ஹொப்ஸும் எட்டாத இடத்துக்கு அவன் போயிருந்தான். பிரதியை மூலமென்று விற்பவன் வாங்குபவனை ஏமாற்றுகிறான் என்பதை நான் கண்டேன். பிரதி செய்த கையை அவன் அழித்துவிடுகிறான் என்பதை அவன் கண்டான். அது அவனுடைய சொந்தக் கை.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். அந்த மனிதர் சனிக்கிழமை வந்தார், முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு. பெற்றோல் காசையும் தருகிறேன் என்று தம்பி சொன்னதற்கு வேண்டாம் என்றார். கோபமாக இருக்கவில்லை, சோர்வாக இருந்தார். போகும்போது மடித்த விளம்பரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்கு நிகரான ஒன்றை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

*

தம்பியின் கராஜ் சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. 1968இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மக்குயின் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங். 1974இல் ஒரு குடும்பம் சுமார் 6,000 டொலருக்கு வாங்கி அன்றாடப் பாவனைக்கு வைத்திருந்தது. 1977இல் மக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பல்லாண்டு மறைந்திருந்த அந்தக் கார் 2018 ஜனவரியில் டிட்ரொயிட் கண்காட்சியில் வெளிப்பட்டபோது தம்பி போய்ப் பார்த்து எடுத்த படம் அது. அதை யாரும் புதுப்பிக்கவில்லை. கீறலும் துருவும் மங்கிய பெயின்டும் அப்படியே இருந்தன. நான் ஊர் திரும்பிய பின், 2020 ஜனவரியில் புளோரிடாவில் அது ஏலத்தில் விற்றது. கட்டணம் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலர். அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை.

அதே படத்தில் பாய்ச்சல் காட்சிகளுக்குப் பயன்பட்ட இன்னொரு மஸ்டாங் மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாவில் வெறும் கூடாக அகப்பட்டது. வாங்கியவர்கள் அதை வேறொரு சினிமாக் காரின் பிரதியாக மாற்றவிருந்தார்கள். இலக்கத்தை விசாரித்தபோதுதான் அது யாரென்று தெரிந்தது. மூலம் ஒன்று, பிரதியாகி மறைந்துபோகும் தறுவாயில் இருந்திருக்கிறது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பழையது பழையதாகவே இருக்க வேண்டும் என்ற பாடத்தை அல்ல. கோழிகள் முட்டையிட்ட அந்த மாலிபுவை அப்படியே விட்டிருந்தால் அது மண்ணாகியிருக்கும். மனிதரின் அடையாளம் அவரவர் நினைவில் இருக்கிறது என்றார் ஜோன் லொக். காருக்கு நினைவில்லை. தன்னில் எது மாறியது, யார் மாற்றினார், எப்போது என்று அதால் சொல்ல முடியாது. அதன் நினைவை மனிதர்கள்தான் சுமக்க வேண்டும். விற்பவன் அந்த நினைவின் சாட்சி. 'இது அதுதானா?' என்ற கேள்விக்குத் தத்துவவாதிகள் இன்னும் விடை தேடட்டும். 'இதற்கு என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னாயா?' என்ற கேள்விக்கு யாராலும் இன்றே விடை சொல்ல முடியும். அந்த இரண்டாம் கேள்வியைத் தட்டிக் கழிக்கவே பலர் முதற் கேள்வியைக் கையில் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இரவில் நானும் அதையே செய்தேன்.

நான் புதிய விளம்பரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்தேன். முதல் வரியிலேயே குளோன் என்ற சொல். நீல நிற வசனத்தை எடுத்துவிட்டேன். தம்பி புகைப்படங்களை ஒரு தொகுப்பாக்கி வைத்தான்: துருப்பிடித்த தரை, எலிக்கூடு, ஓட்டை, வெல்டிங் பொறி, பட்டி பூசிய சாம்பல் நிறத் தகடு, பெயின்ட். நவம்பரில் ஓர் இளைஞர் வந்து அந்தத் தொகுப்பை ஒரு மணி நேரம் புரட்டியிருக்கிறார். 38,500 டொலருக்கு வாங்கிப் போனார். தொகுப்பையும் கேட்டு வாங்கிப் போனாராம்.

இது நல்லபடியாக முடிந்த கதை என்று சொன்னால் நான் மீண்டும் மடியைக் கட்டியவனாவேன். செப்டம்பரில் பணம் வரவில்லை. மகள் அந்தத் தவணையில் பாதிப் பாடங்களைக் கைவிட்டாள். தோழிகள் பட்டம் வாங்கிய மேடையில் அவள் இல்லை. ஒரு தவணை பிந்தித்தான் வாங்கினாள். வாப்பாவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு முறை, "மூத்தவாப்பா, நீங்க எழுதாம இருந்திருந்தா வாப்பாவே நேரா எழுதியிருப்பார்" என்றாள். அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உண்மை இருந்தது. அவனுடைய சாமான் லிஸ்டில் குளோன் என்ற சொல் இயல்பாகவே இருந்திருக்கும். அதை மறைக்கும் திறமை என்னிடம்தான் இருந்தது.

இதை அச்சுக்கு அனுப்புமுன் தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம்தான் சொன்னான். பின்பக்கத் தகடுகள் இரண்டையும் அவன் கையால் செய்யவில்லையாம். இடப்பக்கம் மட்டுமே அவன் வெட்டி வளைத்தது. வலப்பக்கத் தகடு கட்டலொக்கில் வாங்கியது. அதையும் எழுதிவிடச் சொன்னான். எழுதிவிட்டேன்.